ஒரு டம்ளரில் வினைவேகம்: பெராக்சைடு, பீட்டாடின், வடித்த கஞ்சி

டம்ளரில் நிறமில்லாமல் இருக்கும் கலவை கருநீலமாக மாற, 20 மி.லி. பெராக்சைடு ஊற்றினால் 28 நொடி. 10 மி.லி. ஊற்றினால் 55 நொடி. 5 மி.லி. என்றால் 109. மி.லி.யையும் நொடியையும் பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் 550-ஐ ஒட்டியே வருகிறது. இந்த ஒரு எண்ணைக் கொண்டுவருவதற்கு என்னென்ன செய்தேன், எங்கெங்கே தடம் மாறியது, என்ன செலவு ஆனது என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன். வீட்டிலோ பள்ளியிலோ செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு அளவுகள் அப்படியே பயன்படும்.

அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வேதிவினை வேகவியல் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. "செறிவு கூடினால் வேகம் கூடும்னு போட்டிருக்கு, சரி. எவ்வளவு கூடும் மாமா?" என்று கேட்டாள். சூத்திரத்தை எழுதிக் காட்டலாம். ஆனால் அவள் கேட்டது சூத்திரத்தை அல்ல. கையால் அளந்து, அந்த எண்ணே பதில் சொல்லும்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

முதலில் உருளைக்கிழங்கைத் துருவிப் பெராக்சைடில் போட்டு, நுரை எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பார்த்தோம். பார்க்க நன்றாக இருந்தது, அளக்க உதவவில்லை. நுரை பாதியில் அமுங்குகிறது. போதாததற்கு, கிழங்கிலுள்ள நொதியை அடர்ந்த பெராக்சைடே கெடுத்துவிடும், அதனால் செறிவுக்கும் வேகத்துக்கும் உள்ள கணக்கு நேராக வராது. அடுத்து முட்டை ஓடும் வினிகரும். ஓடு எவ்வளவு நொறுங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தே வேகம் மாறியதால் அதையும் விட்டோம். ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி, கீழே வரைந்த பெருக்கல் குறி எப்போது மறைகிறது என்று பார்க்கும் பரிசோதனை பள்ளிகளில் பழக்கமானது, கணக்கும் சுத்தமாக வரும். ஆனால் அதில் கந்தக டை ஆக்சைடு வாயு கிளம்பும். சிறிய சமையலறையில் அது வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

கடைசியில் பிடித்தது அயோடின் கடிகாரம். நிறமே இல்லாத இரண்டு கரைசல்களைக் கலந்தால் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒரே நொடியில் மொத்தமும் கருநீலமாகிவிடும். தேவையான எல்லாமே மருந்துக்கடையிலும் அடுப்படியிலும் கிடைக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். பீட்டாடினில் இருக்கும் அயோடினை விட்டமின் சி முதலிலேயே நிறமற்ற அயோடைடாக்கிவிடுகிறது. பெராக்சைடு, கரைசலில் இருக்கும் அயோடைடை மெதுவாக அயோடினாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. விட்டமின் சி அந்த அயோடினை உண்டான கணமே மறுபடி அயோடைடாக்கிவிடுகிறது. விட்டமின் சி தீரும் வரை கரைசல் தெளிவாகவே இருக்கும். தீர்ந்ததும் அடுத்து வரும் அயோடின் கஞ்சியோடு சேர்ந்து நீலம் காட்டுகிறது. ஆக, கடிகாரம் காட்டும் நொடி என்பது குறிப்பிட்ட ஓர் அளவு அயோடின் உண்டாக எடுத்த நேரம். வேகம் வேண்டுமானால் 1-ஐ அந்த நொடியால் வகுத்தால் போதும்.

வாங்கியவை

ஹைட்ரஜன் பெராக்சைடு, புண் கழுவ விற்பது, 100 மி.லி. பாட்டில். லேபிளில் 6 சதவீதம், 20 வால்யூம் என்று இருக்கும். ஒரு பங்கு திரவம் முழுவதும் சிதைந்தால் 20 பங்கு ஆக்சிஜன் தரும் என்பது அந்த 20-க்குப் பொருள். முடிச் சாயத்துக்கு விற்கும் அடர்ந்த பெராக்சைடை இதற்கு எடுக்கக் கூடாது, அது தோலைச் சுட்டுவிடும்.

பொவிடோன் அயோடின் 5 சதவீதக் கரைசல், நாம் எல்லோரும் பீட்டாடின் என்று சொல்வது. இதில் சோப்பு கலந்த வகையும் உண்டு, அறுவை அறையில் கை கழுவப் பயன்படுத்துவது. அது நுரைக்கும், வேண்டாம். களிம்பும் வேண்டாம். சாதாரணக் கரைசல்தான் தேவை.

விட்டமின் சி 500 மி.கி. சப்பும் மாத்திரை ஓர் அட்டை. ஊசி இல்லாத சிரிஞ்சுகள்: 10 மி.லி., 5 மி.லி., 2 மி.லி. ஒரே மாதிரியான கண்ணாடி டம்ளர்கள். மீன் தொட்டிக் கடையில் விற்கும் கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் 32 டிகிரிக்குக் கீழே காட்டாது என்பதால் மீன் தொட்டிக்காரரிடம் போக வேண்டியதாயிற்று.

சிரிஞ்சுகள் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெராக்சைடுக்கு ஒன்று, பீட்டாடினுக்கு ஒன்று, விட்டமினுக்கு ஒன்று என்று மேலே பிளாஸ்டர் ஒட்டி எழுதிவிட வேண்டும். பீட்டாடின் பட்ட சிரிஞ்சைப் பெராக்சைடு பாட்டிலுக்குள் விட்டால் உள்ளே சின்னச் சின்னக் குமிழ் வரத் தொடங்கும். அயோடைடு பெராக்சைடைச் சிதைக்கும் வினையூக்கி. பாட்டிலை அப்படியே மூடி வைத்தால் உள்ளே வாயு அழுத்தம் ஏறும், மருந்தும் வீணாகும். தேவையான பெராக்சைடை முதலில் ஒரு சின்ன டம்ளரில் ஊற்றிக்கொண்டு அதிலிருந்து உறிஞ்சுவது நல்லது. மிஞ்சியதைப் பாட்டிலுக்குத் திருப்பி ஊற்றக் கூடாது.

கஞ்சி

குக்கர் சோறு ஆக்கும் வீட்டில் கஞ்சி கிடைக்காது. பானையில் பொன்னி அரிசி போட்டு வடித்த கஞ்சி எடுத்தேன். ஆறியதும் மேலே தெளிந்து நிற்பதை மட்டும் மொண்டு, ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டு, பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டினேன். கெட்டியான கஞ்சியை அப்படியே ஊற்றினால் நீலம் திட்டுத் திட்டாகத் திரண்டு தொங்குகிறது, எந்த நொடியில் மாறியது என்று சொல்ல முடியவில்லை. நீர்த்த கஞ்சிதான் டம்ளர் முழுக்க ஒரே சமயத்தில் மாறுகிறது. திருச்சி வெயிலில் காலைக் கஞ்சி மாலைக்குள் புளித்துவிடும். அன்றன்றைக்கு எடுத்துக்கொள்வதே சரி. உப்பு போடாமல் வடித்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரைக் கரைசல்

ஒரு மாத்திரையைப் பொடித்து, கேன் தண்ணீரில் கரைத்து, சரியாக 100 மி.லி. ஆக்கினேன். ஒரு மி.லி.யில் 5 மி.கி. விட்டமின் சி. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதுவே கொஞ்சம் விட்டமினைத் தின்றுவிடும், அதனால்தான் கேன் தண்ணீர். மாத்திரையில் உள்ள மாவுப்பொருள் கரையாமல் கலங்கலாக மிதக்கும், அதையும் துணியில் வடிகட்டிவிட்டேன். இந்தக் கரைசல் காற்றுப் பட்டு மெல்ல வீரியம் இழக்கும். மறுநாளுக்கு வைத்துக்கொள்ள முடியாது.

இனி முக்கியமான ஒரு சின்ன அளவீடு. 5 மி.லி. பீட்டாடினின் நிறத்தைப் போக்க எவ்வளவு மாத்திரைக் கரைசல் வேண்டும்? மாத்திரையே ஆரஞ்சு நிறம், பீட்டாடின் பழுப்பு. எங்கே நிறம் போனது என்று வெறுங்கண்ணுக்குப் பிடிபடவில்லை. அதில் கொஞ்சம் கஞ்சி விட்டதும் பிரச்சினை தீர்ந்தது. எல்லாம் கருநீலமாகி, மாத்திரைக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட விட, ஒரு சொட்டில் நீலம் சட்டென்று மறைந்தது. 3.5 மி.லி.

இதைத் தாளில் சரிபார்த்தோம். 5 சதவீதப் பொவிடோன் அயோடினில் வினைபுரியக் கிடைக்கும் அயோடின் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.5 சதவீதம். 5 மி.லி.யில் 25 மி.கி. அயோடின். 254 கிராம் அயோடினுக்கு 176 கிராம் விட்டமின் சி என்பது மூலக்கூறு எடைக் கணக்கு. 25 மி.கி.க்கு 17.3 மி.கி. வேண்டும். நம் கரைசலில் அது 3.46 மி.லி. சிரிஞ்சு சொன்னது 3.5. மருந்துக்கடை லேபிளும் அணு எடைப் பட்டியலும் சமையலறையில் ஒத்துப்போனதில் அவளுக்குப் பெரிய மகிழ்ச்சி, எனக்கும்தான்.

ஆக ஒரு ஓட்டத்துக்கு 6 மி.லி. மாத்திரைக் கரைசல் எடுத்தால், 3.5 மி.லி. நிறம் போக்கவே செலவாகிவிடும். மிச்சம் 2.5 மி.லி.தான் கடிகாரத்தின் நீளம். இந்த 2.5-ஐ மறக்கக் கூடாது, பின்னால் இதுதான் வம்பு செய்தது.

முதல் வரிசை

முதல் டம்ளரில் பீட்டாடின் 5 மி.லி., மாத்திரைக் கரைசல் 6 மி.லி., தண்ணீர் கொஞ்சம். நிறம் போயிருக்கும். இரண்டாம் டம்ளரில் கஞ்சி 5 மி.லி., பெராக்சைடு, மீதித் தண்ணீர். இரண்டையும் சேர்த்து, டீ ஆற்றுவது போல இந்த டம்ளருக்கும் அந்த டம்ளருக்கும் இரண்டு முறை மாற்றி ஊற்றிவிட்டுக் கீழே வைக்க வேண்டும். முதல் தடவை ஊற்றத் தொடங்கும்போதே கடிகாரம் ஓடத் தொடங்கும்.

பெராக்சைடு 10 மி.லி., தண்ணீர் மொத்தம் 34 மி.லி. என்று தொடங்கினோம். 55 நொடி. அதை 20 ஆக்கினால் 27 அல்லது 28 வர வேண்டும். 32 வந்தது. 5 ஆகக் குறைத்தால் 110 எதிர்பார்த்தோம், 101 வந்தது. கூட்டினால் போதிய அளவு வேகம் கூடவில்லை, குறைத்தால் போதிய அளவு குறையவும் இல்லை. பெருக்கிப் பார்த்தால் 640, 550, 505. சும்மா தடுமாற்றம் என்றால் எண்கள் முன்னும் பின்னும் சிதறியிருக்கும். இவை ஒரே பக்கமாகச் சரிந்தன. அதனால் செய்முறையில்தான் ஏதோ இருக்க வேண்டும்.

காரணம் மொத்தக் கொள்ளளவு. தண்ணீரை 34 மி.லி.யிலேயே வைத்துக்கொண்டு பெராக்சைடை மட்டும் கூட்டினோம். 10 ஊற்றும்போது மொத்தம் 60 மி.லி., 20 ஊற்றும்போது 70. பீட்டாடினும் அந்த 70-க்குள் பரவிவிடுகிறது, பெராக்சைடின் செறிவும் இரு மடங்கை எட்டவில்லை. 10/60 எங்கே, 20/70 எங்கே. நாம் கூட்டியது பெராக்சைடின் அளவைத்தான். அதன் செறிவை அல்ல. புத்தகத்தில் 'செறிவு' என்று ஒரே சொல்லாகப் போய்விடுகிறது. டம்ளரில் செய்யும்போதுதான் அளவு வேறு, செறிவு வேறு என்பது உறைக்கிறது. எனக்கு இந்த முழுப் பரிசோதனையிலும் மிகப் பயனுள்ள இடம் இதுதான் என்று படுகிறது. மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடாமல், 32-ஐயும் 101-ஐயும் அவர்களே பார்க்கவிட்டு, ஏன் என்று யோசிக்கச் சொல்லலாம்.

சூடு

கொள்ளளவைச் சரிசெய்த பிறகும் ஒரு தொல்லை. காலையில் 55 நொடி காட்டிய அதே கலவை மதியம் 42 நொடியில் நீலமானது. தண்ணீர் கேன் ஜன்னலோரம் வெயிலில் இருந்தது. நாலைந்து டிகிரி ஏறினாலே நேரம் கால் பங்கு குறைந்துவிடுகிறது. செறிவைப் பற்றி அளக்கும் இடத்தில் வெப்பநிலை புகுந்து கணக்கைக் கலைத்தால் எதையும் நம்ப முடியாது.

ஓர் அகலமான எவர்சில்வர் பேசினில் தண்ணீர் பிடித்து, தெர்மாமீட்டரை மிதக்கவிட்டு, 30 டிகிரிக்குக் கொண்டுவந்தோம். ஏறினால் ஒரு ஐஸ் கட்டி, இறங்கினால் ஒரு கரண்டி வெந்நீர். டம்ளர்கள், கஞ்சி, தண்ணீர், பெராக்சைடு எல்லாம் பத்து நிமிடம் அதற்குள் நின்ற பிறகே கலந்தோம். கலந்த டம்ளரும் பேசினுக்குள்ளேயே நின்றது. கீழே தருகிற எண்கள் எல்லாம் 30 டிகிரியில் எடுத்தவை.

சரியான வரிசை

பீட்டாடின் 5, மாத்திரைக் கரைசல் 6, கஞ்சி 5. பெராக்சைடும் தண்ணீரும் சேர்ந்து எப்போதும் 44. மொத்தம் 60 மி.லி. மாறவே கூடாது.

பெராக்சைடு 20, தண்ணீர் 24: 28 நொடி
பெராக்சைடு 15, தண்ணீர் 29: 36 நொடி
பெராக்சைடு 10, தண்ணீர் 34: 55 நொடி
பெராக்சைடு 5, தண்ணீர் 39: 109 நொடி
பெராக்சைடு 2.5, தண்ணீர் 41.5: 226 நொடி

பெருக்கினால் 560, 540, 550, 545, 565. எட்டு மடங்கு செறிவு மாற்றத்துக்கு, கையால் ஊற்றி, போன் கடிகாரத்தில் பார்த்து, இவ்வளவு நெருக்கமாக வந்ததே எனக்குப் போதும். வரைபடத் தாளில் படுக்கையாகப் பெராக்சைடு மி.லி.யையும் நெடுக்காக 1/நொடியையும் வைத்துப் புள்ளிகளைக் குறித்தாள். அடிக்கோலை வைத்தால் ஐந்தும் ஒரே கோட்டில், கோடு சுழியத்தின் வழியே. செறிவு இரண்டு மடங்கானால் வேகமும் இரண்டு மடங்கு. பெராக்சைடைப் பொறுத்து இது முதல் வகை வினை.

இப்படிச் சுத்தமாக வருவதற்கு ஒரு காரணம் உண்டு. பெராக்சைடு எக்கச்சக்கமாக இருக்கிறது. 10 மி.லி. ஊற்றும் ஓட்டத்தில் நீலம் வரும் வரை செலவாவது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அயோடைடும் அப்படித்தான், அயோடினாகப் போனதை விட்டமின் சி திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஓட்டம் முழுக்க இரண்டின் செறிவும் ஏறக்குறைய மாறாமல் நிற்பதால்தான் ஒரு நொடிக் கணக்கை வைத்து வேகம் என்று சொல்ல முடிகிறது.

2.5 மி.லி. ஓட்டத்தில் மட்டும் நீலம் சட்டென்று வருவதில்லை. முதலில் லேசான சாம்பல் படர்ந்து, அப்புறம் ஊதா, அப்புறம் நீலம். அயோடின் உண்டாகும் வேகமே குறைவு என்பதால் நிறம் ஏறவும் நேரமாகிறது. எந்த நிறத்தில் கடிகாரத்தை நிறுத்துவது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். டம்ளருக்குப் பின்னால் வெள்ளைத் தாள், பக்கத்தில் ஓடும் கடிகாரம், இரண்டையும் ஒரே சட்டத்தில் வைத்துப் போனில் வீடியோ எடுத்தோம். பிறகு ஓட்டிப் பார்த்து, முதல் நீலம் தெரிந்த நொடியைக் குறித்தோம். கண்ணும் விரலும் செய்யும் ஒரு நொடி, இரண்டு நொடித் தவறு 28 நொடி ஓட்டத்தில் பெரிது. 20 மி.லி.க்கு மேலே போகாததற்கும் அதுதான் காரணம்.

பீட்டாடினை மாற்றியபோது

பெராக்சைடு முடிந்தது, அடுத்து அயோடைடு. பெராக்சைடு 10 மி.லி.யில் நிற்க, பீட்டாடினை 7.5 ஆக்கி, தண்ணீரை அதற்குத் தக்கபடி குறைத்தோம். ஒன்றரை மடங்கு. 37 நொடி வரும் என்று எதிர்பார்த்தால் 11 நொடியில் நீலம். 10 மி.லி. பீட்டாடின் போட்டால் நிறமே போகவில்லை, கஞ்சி பட்டவுடன் கருநீலம்.

11 நொடியை மட்டும் பார்த்தால் அயோடைடை ஒன்றரை மடங்காக்கினால் வேகம் ஐந்து மடங்காகும் என்று எழுதத் தோன்றும். கோடு கூடப் போட்டுவிடலாம், அழகாக வளையும். ஆனால் வேகம் அவ்வளவு கூடவில்லை. ஓட வேண்டிய தூரம் குறைந்துவிட்டது. 7.5 மி.லி. பீட்டாடினின் நிறத்தைப் போக்கவே 5.25 மி.லி. மாத்திரைக் கரைசல் போய்விடுகிறது. 6-இல் மிச்சம் 0.75 மட்டும். முன்பு மிச்சம் 2.5. 10 மி.லி. பீட்டாடினுக்கு 7 மி.லி. வேண்டும், நாம் ஊற்றியதோ 6.

மிச்சத்தை 2.5-இலேயே நிறுத்தி மறுபடி செய்தோம்.

பீட்டாடின் 5, மாத்திரைக் கரைசல் 6: 55 நொடி
பீட்டாடின் 7.5, மாத்திரைக் கரைசல் 7.75: 37 நொடி
பீட்டாடின் 10, மாத்திரைக் கரைசல் 9.5: 28 நொடி

பெருக்கினால் 275, 277.5, 280. இங்கேயும் நேர்விகிதம். பெராக்சைடுக்கு முதல் வகை, அயோடைடுக்கும் முதல் வகை, மொத்தம் இரண்டாம் வகை. பாடத்தில் படித்த வேக விதி அப்படியே டம்ளரில் வந்து நின்றது.

விட்டமின் சி-யை மட்டும் மாற்றியும் பார்த்தோம். 4.75 மி.லி. என்றால் 27 நொடி, 6 என்றால் 55, 8.5 என்றால் 110. மிச்சம் முறையே 1.25, 2.5, 5. செறிவைக் கூட்டினால் நேரம் கூடுகிறது! அதற்காக விட்டமின் சி வினையை மெதுவாக்குகிறது என்று சொல்ல முடியாது. அயோடின் உண்டாகும் வேகம் அதேதான், கடிகாரம் நிற்க வேண்டிய கோட்டைத்தான் நாம் தள்ளி வைக்கிறோம். ஒரு கலவையில் எது வேகத்தை மாற்றுகிறது, எது முடிவுக் கோட்டை மட்டும் மாற்றுகிறது என்று பிரித்துப் பார்க்க இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியாது.

1860-களில் ஆக்ஸ்ஃபோர்டில் ஹார்கோர்ட் என்ற வேதியியலாளரும் எஸ்ஸன் என்ற கணிதவியலாளரும் சேர்ந்து ஆராய்ந்தது இதே பெராக்சைடு–அயோடைடு வினையைத்தான். விட்டமின் சி-க்குப் பதில் அவர்களிடம் இருந்தது ஹைப்போ. ஒரே பாத்திரத்தில் நீலம் வந்ததும் சின்ன அளவு ஹைப்போ விடுவார்கள், நீலம் போய்விடும், மறுபடி வரும் வரை நேரம் பார்ப்பார்கள். பெராக்சைடு தீரத் தீர ஒவ்வொரு இடைவெளியும் முந்தியதைவிட நீளும். அந்த நீளும் இடைவெளிகளிலிருந்துதான் வேகம் செறிவைப் பின்தொடர்கிறது என்பதைக் கணக்காக எழுதினார்கள். ஒரு நிறமாற்றமும் ஒரு கடிகாரமும் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பது, நாமே டம்ளரைப் பிடித்து நின்ற பிறகு படிக்கும்போது வேறு மாதிரித் தெரிகிறது.

பழைய பாட்டில்

எதிர்பாராத ஒரு பயன். வீட்டில் மருந்துப் பெட்டியில் எப்போதோ திறந்த பெராக்சைடு பாட்டில் ஒன்று கிடந்தது. அதில் 10 மி.லி. எடுத்து அதே கலவையைச் செய்தால் 68 நொடி. புதியது 55. வேகம் செறிவுக்கு நேர்விகிதம் என்று இப்போது தெரியும், அப்படியானால் 55-ஐ 68-ஆல் வகுத்தால் 0.81. 6 சதவீதம் என்று எழுதிய பாட்டிலில் இப்போது இருப்பது ஏறக்குறைய 4.9 சதவீதம். வெளிச்சமும் சூடும் பட்டால் பெராக்சைடு தானாகவே தண்ணீரும் ஆக்சிஜனுமாகச் சிதையும், அதனால்தான் மங்கலான பாட்டிலில் விற்கிறார்கள். ஒரு வரிசை முழுவதையும் ஒரே பாட்டிலில் முடிக்க வேண்டும். பாதியில் பாட்டில் மாறினால் பெருக்குத்தொகையும் மாறிவிடும்.

செலவு

பெராக்சைடு இரண்டு பாட்டில் 60 ரூபாய், பீட்டாடின் 100 மி.லி. 110, மாத்திரை அட்டை 25, சிரிஞ்சுகள் 40, தெர்மாமீட்டர் 50. மொத்தம் 285 ரூபாய். ஐந்து ஓட்டம் கொண்ட ஒரு பெராக்சைடு வரிசைக்கு 52.5 மி.லி. போகிறது. ஒரு பாட்டிலில் இரண்டு வரிசை முடிக்க 5 மி.லி. குறையும், அதனால்தான் இரண்டு பாட்டில்.

அடுத்த தடவை எல்லா அளவையும் பாதியாக்கி 30 மி.லி.யில் செய்வேன். நேரம் மாறாது, செறிவு அதேதான், செலவு பாதி. ஆனால் 1.25 மி.லி. போன்ற அளவுகளைத் துல்லியமாக எடுக்க 2 மி.லி. சிரிஞ்சின் கோடுகள் போதாது, இன்சுலின் சிரிஞ்சால் இரண்டு தடவையாக எடுக்க வேண்டியிருக்கும். ஆரஞ்சு மாத்திரைக்குப் பதில் தூய அஸ்கார்பிக் அமிலப் பொடி (அதுவும் விட்டமின் சி-தான்) வாங்கினால் மாவும் நிறமும் தொல்லை தராது, எடை பார்க்க நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்று தேவைப்படும். மீன் தொட்டிக் கடையில் குளோரின் நீக்க ஹைப்போ படிகம் விற்கிறார்கள். அதை வாங்கி, ஹார்கோர்ட் செய்தது போல ஒரே டம்ளரில் திரும்பத் திரும்ப விட்டு, இடைவெளி நீள்வதைப் பார்க்க வேண்டும். அதற்குப் பெராக்சைடு மிகக் குறைவாகவும் அயோடைடு தாராளமாகவும் இருக்க வேண்டும், அந்த அளவுகளை இனிமேல்தான் போட்டுப் பார்க்கப் போகிறேன்.

செய்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், 6 சதவீதப் பெராக்சைடு கண்ணில் பட்டால் ஆபத்து. இந்த டம்ளர்களைக் குடிக்கத் திரும்ப எடுக்காதீர்கள். முடிந்த கலவையில் அரை மாத்திரையைப் பொடித்துப் போட்டால் நீலம் போய்விடும், பிறகு நிறையத் தண்ணீர் விட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிடலாம். துணியிலோ தரையிலோ பட்ட பீட்டாடின் கறைக்கும் மிச்சமிருக்கும் மாத்திரைக் கரைசலே போதும், தடவியதும் மறைந்துவிடும்.